ஊக்க மருந்து உள்ளே போனால் முதலில் துள்ளுவது மூளையா, தசையா?

#1 வைகைக்கரையான்

அனைவருக்கும் வணக்கம். என் அக்கா வீட்டு ஸ்பிட்ஸ் நாய், கேக் செய்ய வைத்திருந்த கோக்கோ பவுடர் பாக்கெட்டைக் கிழித்துத் தின்றுவிட்டது. எட்டுக் கிலோ எடையுள்ள சின்ன நாய். 30 கிராம் அளவுக்கு உள்ளே போயிருக்கும். முதலில் வாந்தி எடுத்தது. பிறகு கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் குடித்தது. உட்காராமல் வீட்டைச் சுற்றி வந்துகொண்டே இருந்தது. இரவுக்குள் தொடைத் தசை தோலுக்கு அடியில் தனியாகத் துடிக்க ஆரம்பித்து, சற்று நேரத்தில் உடம்பு முழுவதும் நடுங்கியது. மருத்துவமனையில் சேர்த்துக் காப்பாற்றிவிட்டோம். இப்போது நன்றாக இருக்கிறது.

என் சந்தேகம் வேறு. நடுக்கத்துக்கு ஓர் ஊசி, இதயத்துடிப்புக்கு ஓர் ஊசி, வலிப்பு வராமல் இருக்க ஓர் ஊசி என்று மருத்துவர் தனித்தனியாகப் போட்டார். உள்ளே போனது ஒரே பொருள்தானே? தொடை துடித்தது மூளை ஏவியதாலா, அல்லது தசை தானாகவே துடித்ததா? "இதெல்லாம் தசைக்கு நேரே சக்தி ஏற்றும் சரக்கு, பந்தயக் குதிரைக்குக் கொடுப்பதும் அதற்குத்தான்" என்று என் அத்தான் அடித்துச் சொல்கிறார். விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நல்லது.

#2 கால்நடைச்செல்வி

நாய் பிழைத்ததில் மிக்க மகிழ்ச்சி. கணக்கைப் போட்டுப் பாருங்கள். கோக்கோ பவுடரில் கிராமுக்கு ஏறத்தாழ 20 மில்லிகிராம் தியோபுரோமின் இருக்கும். காபியில் உள்ள காஃபீனுக்கு உறவான ஊக்கப் பொருள் அது. சில வகைகளில் அதற்கும் மேல். 30 கிராம் என்றால் 600 மில்லிகிராம். எட்டுக் கிலோ உடம்பில் அது கிலோவுக்கு 75. நாய்களுக்குக் கிலோவுக்கு 20 மில்லிகிராம் ஆனாலே வாந்தியும் தவிப்பும் தொடங்கும். 40, 50 என்று ஏறினால் இதயத்துடிப்பு தறிகெட்டுப் போகும். 60-ஐத் தாண்டினால் வலிப்பு. உங்கள் நாய் அந்தக் கோட்டையும் தாண்டித்தான் போயிருக்கிறது.

பால் சாக்லேட்டில் கிராமுக்கு 2 மில்லிகிராம்தான். ஆகவே ஒரு துண்டு தின்ற லாப்ரடாருக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. அதை வைத்துக்கொண்டு "எங்கள் நாய்க்குச் சாக்லேட் ஒத்துக்கொள்ளும்" என்று பலர் சொல்வதைக் கேட்கும்போது எனக்கு வயிறு கலங்கும். அடுத்த முறை அவர்கள் வீட்டு நாய் தின்பது சமையல் சாக்லேட்டாக இருந்தால் கிராமுக்கு 15 மில்லிகிராம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். மூளையில் அடினோசின் என்ற பொருள் விழித்திருக்கும் நேரமெல்லாம் சேர்ந்துகொண்டே வந்து, நரம்பணுக்களை அடக்கிப் பிடிக்கும் கடிவாளமாக இருக்கிறது. காஃபீனும் தியோபுரோமினும் அடினோசின் போய் அமர வேண்டிய ஏற்பிகளில், அதாவது சைகையை வாங்கிக்கொள்ள அணுக்களில் இருக்கும் இருக்கைகளில், தாங்கள் அமர்ந்துகொள்கின்றன. கடிவாளம் தளர்கிறது. நாய் ஓடுகிறது, குரைக்கிறது, சின்னச் சத்தத்துக்கும் துள்ளுகிறது. இதயத்திலும் அதே ஏற்பிகள் இருப்பதால் துடிப்பு எகிறுகிறது. அளவு கூடும்போது அட்ரினலின் வகைச் சுரப்புகளும் கூடித் தசைகளை நடுங்க வைக்கின்றன. பொருள் ஒன்று, போய் உட்காரும் இடங்கள் பல. ஊசிகள் மூன்றானது அதனால்தான்.

நான் மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: நடுக்கம் பார்க்க ஒன்றுபோல இருக்கும், அது பிறக்கும் இடம் மருந்துக்கு மருந்து மாறும். இடத்தைக் கண்டுபிடிக்காமல் ஊசி போட்டால் விலங்கு செத்துப்போகும்.

#3 உடலியல் வாத்தியார்

டாக்டரம்மா சொன்னதில் ஒன்று விடுபட்டிருக்கிறது. காஃபீன் தசையை நேரடியாகவே சுருங்க வைக்கும். தவளையின் கால் தசையை வெட்டி எடுத்து, நரம்புத் தொடர்பே இல்லாமல், காஃபீன் கரைசலில் போட்டால் அது சுருண்டு இறுகுவதைக் கல்லூரி ஆய்வகத்தில் எங்கள் தலைமுறை கண்ணால் கண்டிருக்கிறது. மூளையும் இல்லை, தண்டுவடமும் இல்லை. தசையணுவுக்குள் கால்சியத்தைச் சேமித்து வைத்திருக்கும் பைகள் இருக்கின்றன. அவற்றின் வாயிலில் இருக்கும் ரயனோடின் ஏற்பியைக் காஃபீன் திறந்துவிடுகிறது. கால்சியம் கொட்டினால் தசை சுருங்கித்தான் ஆக வேண்டும். ஆகவே வைகைக்கரையானின் அத்தான் சொன்னதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது.

#4 மருந்தியல் மாணவன்

வாத்தியார் ஐயா, தவளைத் தசைச் சோதனை உண்மைதான். ஆனால் அந்தக் கண்ணாடித் தொட்டியில் எவ்வளவு காஃபீன் இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தசை அப்படி இறுகுவதற்கு மில்லிமோலார் கணக்கில் வேண்டும். ஒரு மில்லிமோலார் என்றால் லிட்டருக்கு 194 மில்லிகிராம். சில கோப்பை காபி குடித்த மனிதரின் ரத்தத்தில் அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. லிட்டருக்கு 100 மில்லிகிராமை எட்டுவதற்குள்ளேயே இதயமும் மூளையும் உயிரைப் பறிக்கும் நிலைக்குப் போய்விடும். உயிருள்ள உடம்பில் தசைக்கு அந்த வாய்ப்பே கிடைப்பதில்லை.

2003-இல் வெளியான ஓர் எலிச் சோதனை இந்த வழக்கை எனக்குத் தீர்த்துவைத்தது. டேவிஸ் என்பவரின் குழு, எலிகளை ஓடுபொறியில் களைத்து விழும்வரை ஓடவிட்டது. மூளைக்குள்ளேயே மிகச் சிறிய அளவு காஃபீனைச் செலுத்தியபோது எலிகள் ஏறத்தாழ 60 சதவீதம் கூடுதல் நேரம் ஓடின. அதே அளவு காஃபீனை உடம்பில் ஏற்றியபோது எந்த வித்தியாசமும் இல்லை. அடினோசினைப் போலச் செயல்படும் ஒரு மருந்தை மூளைக்குள் கொடுத்தபோது எலிகள் வெகு சீக்கிரமே களைத்துப் போயின. எலியின் கால் தசையில் யாரும் கை வைக்கவில்லை, எரிபொருளும் ஏற்றவில்லை. "போதும், நில்" என்று உள்ளிருந்து வரும் ஆணை தள்ளிப்போடப்பட்டது, அவ்வளவுதான்.

#5 உடலியல் வாத்தியார்

எலிச் சோதனையை ஏற்கிறேன், தம்பி. நல்ல எடுத்துக்காட்டு. ஆனாலும் எல்லா விலங்கின் தசையும் ஒன்றல்ல. பன்றிகளில் ஒரு வகைப் பரம்பரைக் குறை இருக்கிறது. லாரியில் ஏற்றும்போதும் துரத்தும்போதும் அவற்றின் உடம்பு விறைத்து, சூடேறி, நின்ற இடத்திலேயே சாகும். அந்த ரயனோடின் ஏற்பியில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருப்பதுதான் காரணம் என்று 1991-இல் கண்டுபிடித்தார்கள். அப்படிப்பட்ட பன்றியின் தசை, மற்றப் பன்றிகளுக்குப் போதாத குறைந்த காஃபீனிலேயே இறுகிவிடும். மனிதர்களிலும் மயக்க மருந்து கொடுத்தவுடன் உடல் கொதித்து உயிர் போகும் குடும்பங்கள் உண்டு. அவர்களைக் கண்டறிய, தசைத் துணுக்கை எடுத்துக் காஃபீனில் போட்டுப் பார்க்கும் சோதனையே இருக்கிறது. ஆகவே தசை வழியும் ஒரு வழிதான். அது எல்லோருக்கும் திறந்த வழி அல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

#6 தேன்மொழி

இடையில் ஒரு கேள்வி, டாக்டரம்மா. எங்கள் தெருவில் ஒருவர் வீட்டு நாய், ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் சல்பியூட்டமால் இன்ஹேலரைக் கடித்து உடைத்துவிட்டது. அடுத்த சில நிமிடங்களிலேயே மார்பு படபடவென்று அடித்து, கால்கள் நடுங்க ஆரம்பித்தன. ஊக்க மருந்து என்று யாரும் அதைச் சொல்வதில்லையே? சாக்லேட்டுக்குப் பல மணி நேரம் ஆனது, இதற்கு ஏன் இவ்வளவு அவசரம்?

#7 கால்நடைச்செல்வி

நல்ல நேரத்தில் கேட்டீர்கள், அம்மா. வாத்தியார் ஐயா தேடும் 'நேரே தசைக்குப் போகும் மருந்து' இதுதான்.

எலும்புத் தசையின் மேற்பரப்பிலேயே பீட்டா-2 என்ற ஏற்பிகள் இருக்கின்றன. சல்பியூட்டமால் அங்கே நேராகப் போய் ஒட்டி நடுக்கத்தை உண்டாக்கும். அதோடு, ரத்தத்தில் இருக்கும் பொட்டாசியத்தை அணுக்களுக்குள் அள்ளித் தள்ளிவிடும். ரத்தத்தில் பொட்டாசியம் விழுந்ததும் தசைகள் வலுவிழக்கும், இதயம் தாளம் தப்பும். பார்ப்பவர்களுக்கு நாய் வெறிகொண்டு துள்ளுவதுபோல இருக்கும். உண்மையில் அதன் கால்களுக்கு நிற்கவே தெம்பு இருக்காது. இங்கே பிரோப்ரனலால் கொடுத்து அந்த ஏற்பியை அடைப்போம், பொட்டாசியத்தை அளந்து சொட்டுச் சொட்டாக ஏற்றுவோம்.

வேகத்துக்குக் காரணம், புட்டி அழுத்தத்தில் இருப்பது. நாய் கடித்ததும் மருந்தெல்லாம் ஒரே வீச்சில் பீய்ச்சி வாய்க்குள்ளும் நுரையீரலுக்குள்ளும் பாயும். நூற்றுக்கும் மேற்பட்ட முறை உறிஞ்ச வேண்டிய மருந்து ஒரே மூச்சில் போகிறது. கோக்கோவோ வயிற்றிலும் குடலிலும் மெதுவாகக் கரைந்து ஏறும். ஏறிய பிறகு எளிதில் இறங்கவும் இறங்காது. ரத்தத்தில் உள்ள தியோபுரோமின் பாதியாகக் குறைய நாய்க்குப் பதினேழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சிறுநீர்ப்பையில் சேர்ந்த பிறகும் சுவர் வழியாக மீண்டும் ரத்தத்துக்குத் திரும்பும். அதனால்தான் குழாய் போட்டோ, அடிக்கடி வெளியே கூட்டிப்போயோ சிறுநீரைக் காலி செய்துகொண்டே இருக்கச் சொல்கிறோம்.

#8 சேணம்

பந்தயக் குதிரை லாயத்தில் பல ஆண்டு வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். மருந்து ஏற்றிய குதிரைக்குக் கூடுதல் பலம் வருகிறது என்று நம்புகிறவர்கள் அதன் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. காது இரண்டும் நிலைகொள்ளாமல் திரும்பிக்கொண்டே இருக்கும். மூக்குத் துவாரம் விரிந்து உட்சிவப்பு தெரியும். முன்னங்காலால் தரையைப் பிறாண்டும். கட்டிவைத்த இடத்திலேயே நடந்து நடந்து வைக்கோலை எல்லாம் சுவரோரம் ஒதுக்கிவிடும். ஓடுவதற்கு முன்பே கழுத்தில் வேர்வை நுரைத்து நிற்கும். அந்தக் குதிரை பாதிப் பந்தயத்தை லாயத்திலேயே ஓடி முடித்துவிட்டது என்றுதான் நான் சொல்வேன்.

பந்தய உலகில் இந்த அநியாயம் பழையது. 20-ஆம் நூற்றாண்டு தொடங்கிய சமயத்தில் அமெரிக்கப் பயிற்சியாளர்கள் சிலர் இங்கிலாந்தில் கோகெய்ன் கலந்த மருந்துகளைக் கொடுத்துக் குதிரைகளை வெல்ல வைத்தார்கள். அங்கே பந்தயங்களை நிர்வகித்த ஜாக்கி கிளப் அதை நம்ப மறுத்தபோது, ஜார்ஜ் லாம்டன் என்ற பயிற்சியாளர் தன்னிடம் இருந்த மந்தக் குதிரைகளுக்கு வெளிப்படையாகவே மருந்து கொடுத்து, பந்தயத்தில் ஜெயிக்க வைத்துக் காட்டினார். அதன் பிறகுதான் தடை வந்தது. 1910 வாக்கில் வியன்னாவில் குதிரையின் எச்சிலில் மருந்தைக் கண்டறியும் சோதனையைத் தொடங்கினார்கள்.

மருந்தியல் தம்பியிடம் ஒரு கேள்வி. மார்ஃபின் மனிதனைத் தூங்க வைக்கிறது. குதிரைக்கு அதைக் கொடுத்தால் அது நிற்காமல் நடக்கிறதே, ஏன்?

#9 மருந்தியல் மாணவன்

சேணம் அண்ணா, நீங்கள் வைக்கோலில் பார்த்ததைத்தான் கென்டக்கி பல்கலைக்கழகத்தில் தாமஸ் டோபினின் குழு 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எண்ணிப் பார்த்தது. குதிரையைத் தனி அறையில் விட்டு, மருந்தேற்றி, எத்தனை அடி எடுத்து வைக்கிறது என்று கணக்கெடுத்தார்கள். மார்ஃபின் வகையைச் சேர்ந்த ஃபென்டனைல் ஊசி போட்ட சில நிமிடங்களுக்குள் அடிகளின் எண்ணிக்கை உச்சத்துக்குப் போய், பிறகு விரைவாகத் தணிந்தது. மார்ஃபினில் ஏற்றமும் இறக்கமும் மெதுவாக இருந்தன. ஓபியம் வகையை முறிக்கும் நலாக்சோனைக் கொடுத்தால் நடை நின்றது. மூளையில் அசைவையும் உந்துதலையும் தூண்டும் சைகைப் பொருளான டோபமினின் ஏற்பிகளை அடைக்கும் அசிபுரோமசினும் நடையைக் குறைத்தது. அதாவது குதிரையின் மூளையில் இந்த மருந்துகள் டோபமின் பாதையைத் தட்டி எழுப்புகின்றன. பூனையிலும் அளவு கூடினால் இதே பரபரப்பைக் காணலாம். நாயும் மனிதனும் பொதுவாக மயங்கிச் சாய்வார்கள். 2012-இல் அமெரிக்கப் பந்தயங்களில் பிடிபட்ட டெர்மார்ஃபினும் இதே வகைதான். தென்னமெரிக்க மரத்தவளை ஒன்றின் தோலில் முதலில் கண்டறியப்பட்ட பொருள் அது, மார்ஃபினைவிடப் பல மடங்கு வீரியம் உள்ளது. குதிரைக்கு வலி தெரியாது, கால்களும் நிற்காது. கீறல் விழுந்த எலும்போடு முழு வேகத்தில் ஓடும் குதிரையையும் அதன் மேல் உட்கார்ந்திருக்கும் ஜாக்கியையும் நினைத்துப் பாருங்கள்.

ஆம்ஃபெட்டமினின் வேலை இன்னும் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது. நரம்பணு வெளியேற்றிய டோபமினைத் திரும்ப உள்ளே இழுக்கும் வாயில் ஒன்று உண்டு. கோகெய்ன் அந்த வாயிலை அடைத்துவிடும். ஆம்ஃபெட்டமினோ அதே வாயில் வழியாக உள்ளே நுழைந்து, சேமிப்புப் பைகளில் இருக்கும் டோபமினை வெளியே கொட்ட வைத்து, வாயிலையே எதிர்த்திசையில் வேலை செய்ய வைக்கும். எலிக்குக் குறைந்த அளவில் கொடுத்தால் ஓடித் திரியும். அளவைக் கூட்டினால் ஓட்டம் நின்றுவிடும். ஒரே மூலையில் நின்று, தலையை மேலும் கீழும் ஆட்டி, மோந்து, கூண்டுக் கம்பியை நக்கிக் கடித்துக்கொண்டே இருக்கும். மருந்து கூடக் கூட ஓட்டமும் கூடும் என்று எதிர்பார்ப்பவர்கள் இங்கே திகைத்துப் போவார்கள். 1975-இல் கேம்பிரிட்ஜில் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார்கள். மூளையின் நியூக்ளியஸ் அக்கும்பன்ஸ் பகுதியில் டோபமின் நரம்பு முனைகளை அழித்தால் ஓட்டம் போய்விடுகிறது. காடேட் பகுதியில் அழித்தால் அந்த மோந்து கடிக்கும் செயல் போய்விடுகிறது. இரண்டு நடத்தைகள், இரண்டு இடங்கள். தசை இரண்டிலும் ஏவலாள் மட்டுமே.

#10 கால்நடைச்செல்வி

மாணவன் சொன்னதற்கு மருத்துவப் பக்கம் ஒன்று சேர்க்கிறேன். ஆம்ஃபெட்டமின் வகை மருந்தை விழுங்கிய நாய்க்கு நாங்கள் முதலில் எடுப்பது அசிபுரோமசின், குளோர்புரோமசின் போன்ற டோபமின் தடுப்பு மருந்துகளைத்தான். இந்த வகையில், வலிப்பை அடக்கும் டயசெபாம் சில நாய்களின் கலக்கத்தைக் கூட்டிவிடக்கூடும். அதுவே சாக்லேட் வலிப்பு என்றால் டயசெபாமைத் தயங்காமல் போடுவேன். இதனால்தான் "என்ன தின்றது?" என்று நச்சரித்துக் கேட்கிறோம்.

வெப்பத்தையும் மறந்துவிட வேண்டாம். தசை ஓயாமல் இயங்கினால் சூடு கிளம்பும். ஊக்க மருந்து தோலுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் அந்தச் சூடு வெளியேறவும் வழி குறையும். 1940-லேயே கன், கர்ட் என்ற இருவர் ஒரு விசித்திரத்தைப் பதிவு செய்தார்கள். தனியாக வைத்த சுண்டெலி தாங்கிக்கொள்ளும் ஆம்ஃபெட்டமின் அளவு, கூட்டமாக அடைத்த சுண்டெலிகளைக் கொன்றுவிடுகிறது. ஒன்றை ஒன்று உசுப்பிவிட்டு, இயங்கி இயங்கிச் சூடேறிச் சாகின்றன. ஆகவே மருந்து தின்ற நாயைச் சுற்றி வீட்டார் எல்லாரும் கூடிப் பேசிக்கொண்டிருக்காதீர்கள். மின்விசிறி உள்ள, வெளிச்சம் குறைந்த, சத்தம் இல்லாத அறையில் ஒருவர் மட்டும் உடன் இருந்தால் போதும். மருத்துவமனைக்கு வண்டி வரும்வரை அது பெரிய உதவி.

#11 கொல்லிமலையான்

எங்கள் பக்கம் எட்டி மரம் நிறைய. "எட்டி பழுத்தென்ன, ஈயாதார் வாழ்ந்தென்ன" என்று சொல்லுமளவுக்குப் பழம் கண்ணைப் பறிக்கும், ஆள் தொடமாட்டான். இருவாச்சிப் பறவைகள் பழச்சதையைத் தின்றுவிட்டுக் கொட்டையைக் கக்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆடுமாடு மேய்ப்பவர்கள் எட்டிக்கொட்டை என்றாலே பதறுவார்கள். சிறுவயதில் தெருநாய்களுக்கு விஷ இறைச்சி வைத்ததைப் பார்த்தவர்கள், நாய் வில்லாக வளைந்து செத்ததைச் சொல்லிச் சொல்லி வருந்துவார்கள். எட்டியில் இருப்பதும் ஊக்க மருந்துக் கணக்கில் சேருமா?

#12 மருந்தியல் மாணவன்

சேரும், அண்ணா. ஒரு காலத்தில் டானிக் என்றே விற்றார்கள். எட்டி இனத்துக் கொட்டைகளிலிருந்து பெல்லத்தியே, காவன்து என்ற பிரெஞ்சு வேதியியலாளர்கள் 1818-இல் ஸ்ட்ரிக்னினைப் பிரித்தெடுத்தார்கள். 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக் மாரத்தானில் தாமஸ் ஹிக்ஸ் தள்ளாடியபோது, உடன் வந்தவர்கள் ஒரு மில்லிகிராம் அளவு ஸ்ட்ரிக்னினை முட்டை வெள்ளைக்கருவோடு கொடுத்து, பிறகு பிராந்தியும் சேர்த்து ஓட வைத்தார்கள். தங்கம் வென்றார். எல்லைக்கோட்டைத் தாண்டியபோது உயிர் ஊசலாடிக்கொண்டிருந்தது.

இதன் வேலை மேலே பேசிய எதிலிருந்தும் மாறுபட்டது. தண்டுவடத்தில், தசையை இயக்கும் நரம்பணுக்களுக்கு "பொறு" என்று சொல்லும் சைகையைக் கிளைசின் என்ற சிறு மூலக்கூறு கொண்டுவருகிறது. காலை மடக்கும் தசை வேலை செய்யும்போது நீட்டும் தசை சும்மா இருக்க வேண்டும் அல்லவா? அந்த அமைதியைத் தருவது கிளைசின். ஸ்ட்ரிக்னின் அதன் ஏற்பியை அடைத்துவிடுகிறது. உடனே மடக்கும் தசையும் நீட்டும் தசையும் ஒரே நேரத்தில் முழு பலத்தோடு இழுக்கின்றன. நீட்டும் தசைகள் வலிமையானவை, அவை வெல்கின்றன. கால்கள் நான்கும் விறைக்கின்றன, கழுத்து பின்னால் வளைகிறது, உதடு இழுபட்டுப் பல் தெரிகிறது.

#13 கால்நடைச்செல்வி

கொல்லிமலையான் அண்ணன் கேட்ட இந்த நஞ்சைப் பற்றி எழுதும்போது எனக்குக் கை நடுங்குகிறது. தின்ற பத்து நிமிடத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கிவிடும். கதவைச் சாத்தும் சத்தம், ஒரு கை படுவது, விளக்கைப் போடுவது, எதுவுமே அடுத்த இழுப்புக்குப் போதும். இழுப்புக்கு நடுவே நாய்க்கு முழு நினைவு இருக்கும். கண் நம்மைப் பின்தொடரும். மார்புத் தசைகளும் உதரவிதானமும் விறைத்து நின்றுவிடுவதால் மூச்சுவிட முடியாமல்தான் இறக்கிறது. இதற்கு ஆட்பட்ட நாயை வாந்தி எடுக்க வைக்க முயலவே கூடாது. அந்த முயற்சியே இழுப்பைத் தூண்டிவிடும். இருட்டறை, தசையைத் தளர்த்தும் மெத்தோகார்பமால், தேவையானால் முழு மயக்கத்தில் ஆழ்த்திச் செயற்கைச் சுவாசம். முறிவு மருந்து என்று தனியாக ஒன்றும் கிடையாது. உடல் அதை வெளியேற்றும்வரை மூச்சைக் காப்பாற்றிக் கொடுப்பதே சிகிச்சை.

தெருநாய்களின் எண்ணிக்கையைக் குறைக்க இந்தியாவில் உள்ளாட்சி அமைப்புகளே இதை இறைச்சியில் கலந்து வைத்த காலம் இருந்தது. 2001-இல் வந்த நாய்கள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் கொல்வதை விட்டுக் கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் வழி செய்தன. இன்றும் பகையில் யாராவது விஷம் வைத்த நாயை எங்களிடம் தூக்கி வருகிறார்கள். நினைவோடு துடித்துச் சாகும் ஓர் உயிருக்கு அதை வைக்க ஒருவனுக்கு எப்படி மனம் வருகிறது என்று ஒவ்வொரு முறையும் நெஞ்சு கொதிக்கிறது.

#14 ஆற்றுமீன்

மீன்வளத் துறையில் இருப்பவன். நீங்கள் எல்லாரும் வாய்வழியாகவும் ஊசிவழியாகவும் பேசுகிறீர்கள், நான் தண்ணீர் வழியாகப் பேசுகிறேன். மனிதர்கள் உட்கொள்ளும் கோகெய்ன் சிறுநீரில் வெளியேறி, கழிவுநீர் வழியாக ஐரோப்பிய ஆறுகளில் கலக்கிறது. இத்தாலியின் நேப்பிள்ஸ் ஆய்வாளர்கள், லிட்டருக்கு 20 நானோகிராம் கோகெய்ன் கலந்த தண்ணீரில் ஐரோப்பிய விலாங்கு மீன்களை 50 நாள் வைத்திருந்து, முடிவை 2018-இல் வெளியிட்டார்கள். மீன்கள் பரபரப்பாகின. கோகெய்ன் அவற்றின் மூளையிலும் தசையிலும் சேர்ந்திருந்தது. தசை வீங்கி, நார்கள் சிதைந்திருந்தன. சுத்தமான தண்ணீருக்கு மாற்றிப் பத்து நாள் ஆன பிறகும் அந்தச் சிதைவு ஆறவில்லை.

விலாங்கு மீன் முட்டையிட அட்லாண்டிக் கடலைக் கடந்து சர்காசோ கடல்வரை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீந்தியாக வேண்டும், வழியில் இரை எடுப்பதே இல்லை. ஏற்கெனவே அழிவின் விளிம்பில் இருக்கும் இனம். அதன் நீந்தும் தசை ஆற்றிலேயே கெட்டுப்போனால் பிறகு அதற்கு என்ன இருக்கிறது?

#15 சேணம்

ஆற்றுமீன் ஐயா சொன்ன தசைச் சிதைவைக் குதிரையில் கண்கூடாகப் பார்க்கலாம். மிதமிஞ்சி ஓடிய குதிரையின் பின்தொடையும் இடுப்பும் பலகைபோல் இறுகிவிடும், தொட்டால் வலியில் உதறும். ஓர் அடிகூட வைக்காது. சிறிது நேரத்தில் காபி டிகாக்ஷன் நிறத்தில் சிறுநீர் போகும். தசை உடைந்து அதன் நிறமி ரத்தத்தில் கலந்து, சிறுநீரகம் வழியாக வெளியே வருகிறது என்று எங்கள் லாயத்துக்கு வந்த மருத்துவர் சொல்வார். மருந்து இல்லாமலும் இது வரும். களைப்பை மறைத்து ஓட வைத்தால் எவ்வளவு சீக்கிரம் வரும் என்பதை வைகைக்கரையானின் அத்தான் யோசிக்கட்டும். சக்தி ஏற்றும் சரக்கு அல்ல அது. குதிரை தன் உடம்பைக் காத்துக்கொள்ள வைத்திருந்த கடைசிக் கையிருப்பைப் பிடுங்கிக்கொள்ளும் சரக்கு.

#16 வைகைக்கரையான்

அனைவருக்கும் நன்றி. அத்தானுக்கு முழு இழையையும் படித்துக் காட்டினேன். குதிரைச் சிறுநீர் வரை வந்ததும் அமைதியாகிவிட்டார். கடைசியாக ஒன்று. அக்கா மகனுக்குக் கவனக்குறைவுக் கோளாறுக்காக மெத்தில்பெனிடேட் மாத்திரை எழுதியிருக்கிறார்கள். வீட்டில் ஒரு பூனையும் இருக்கிறது. பையனை அமைதிப்படுத்தும் மாத்திரை பூனைக்கு ஆபத்தாகுமா?

#17 கால்நடைச்செல்வி

கட்டாயம் ஆபத்து. அதுவும் கோகெய்னைப் போல டோபமின் திரும்பப் போகும் வாயிலை அடைக்கும் மருந்துதான். குழந்தைக்கு மருத்துவர் அளந்து கொடுக்கும் சிறிய அளவில், கவனத்தை ஆளும் முன்மூளைப் பகுதியில் டோபமினும் நார்அட்ரினலினும் கூடிக் குழந்தை ஒரு வேலையில் நிலைகொள்கிறது. பையனைவிடப் பல மடங்கு எடை குறைந்த பூனை அதே மாத்திரையை விழுங்கினால் அளவு எங்கேயோ போய்விடும். கண்மணி விரியும், இதயம் ஓடும், உடம்பு சூடேறும், நடுக்கம் வரும். பூனைகள் கசப்பை ஒதுக்கும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். இந்த வகை மருந்துகளில் சிலவற்றைப் பூனைகள் தாமாகவே தேடித் தின்ற நிகழ்வுகள் உண்டு.

மாத்திரையைப் பூட்டி வையுங்கள். மெதுவாகக் கரையும் வகை என்றால் பெட்டியிலேயே எழுதியிருக்கும். பூனை தின்றுவிட்டால் அந்தப் பெட்டியையும் மீதி அட்டையையும் கையோடு எடுத்து வாருங்கள். மெதுவாகக் கரையும் வகையில் அறிகுறி தாமதமாகத் தொடங்கி ஒரு நாளுக்கு மேலும் நீளக்கூடும். அதற்கேற்ப எத்தனை மணி நேரம் பூனையைக் கண்காணிக்க வேண்டும் என்று நாங்கள் முடிவு செய்வோம்.